கோப்பை தேடிப் போனவன்

தோஹா தொழில்பேட்டை
20.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அன்பரசன் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா? ஊரில் தாமரை அக்காவும் அகிலாவும் சுகமா? உங்கள் முழங்கால் தொந்தரவு கொடுக்காமல் இருக்கிறதா?

நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அக்காவும் அப்படியே. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கிருந்து அபுதாபி முசஃபாவுக்கு டிரெய்லர் ஓட்டும் சுஐபு பாய் நம்ம பெரியகுளத்துக்காரர். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அகிலாவின் சடங்குக்கு நீங்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது நான் முசஃபா கம்பெனி விசாவை கேன்சல் செய்துகொண்டு இந்த தோஹா பாஸ்கெட்பால் டீமுக்கு வந்துவிட்டேன். தாய்மாமன் நான், சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் என் தோளில் கையைப் போட்டு, "என்னடா மாப்ளே" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள். அதோடு நான் நின்றிருப்பேன்.

மச்சான், எனக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. அபுதாபியிலிருந்து குவைத் வரை எத்தனை கம்பெனிகள் பாஸ்கெட்பால் டீம் வைத்து இந்த லீக்கில் ஆடுகின்றன! இத்தனை வருஷம் ஆடியும் ஒரு கோப்பையைக்கூடத் தொடாதவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். இரண்டு ஃபைனலிலும் கடைசி நிமிஷத்தில் விட்டோம். முசஃபா டீமில் இனி ஃபைனலுக்கு வழியில்லை என்று உங்களுக்கும் தெரியும். இங்கே செனகல்காரன் ஒருவன் இருக்கிறான், கூரையைத் தொடுகிற உயரம். செர்பியாக்காரர் கோச். இந்த வருஷம் இவர்கள் ஜெயிப்பார்கள். அந்தப் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

என்றும் உங்கள் மைத்துனன்,
அன்பரசன்


தோஹா
25.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். போன கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாக சுஐபு பாய் சொன்னார். "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு. டீ வாங்கிக் குடுத்தாரு" என்றார்.

லீக் தொடங்கிவிட்டது. முதல் மூன்று மேட்சும் ஜெயித்தோம். ஆனால் எனக்கு இங்கே பழைய மாதிரி பந்து வருவதில்லை. முசஃபாவில் நீங்கள் என்னைக் காவல் காப்பவன் குறுக்கே போய் மலை மாதிரி நிற்பீர்கள், நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து நிதானமாகப் போடுவேன். இங்கே எனக்காக யாரும் அப்படி நிற்பதில்லை. அவனவன் கணக்கை அவனவன் பார்க்கிறான்.

இதைப் புகாராக எழுதவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

அன்புடன்,
அன்பரசன்


முசஃபா
14.11.2024

மாப்பிள்ளை அன்பரசனுக்கு,

பாலகுரு எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. உன் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன.

போன் வேண்டாம். போனில் நீ குழைந்து பேசுவாய், நானும் சரி சரி என்று சொல்லிவிடுவேன். எழுது, முடிந்தபோது பதில் போடுகிறேன்.

நீ செய்தது சரி என்று என்னிடமிருந்து கேட்க ஆசைப்படுகிறாய். அதைச் சொல்ல மாட்டேன். விளையாடுகிறவனுக்குக் கோப்பை மேல் ஆசை இருப்பது தப்பில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் சடங்கு அன்று உன் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ஒருவனைக் கூப்பிட்டு மாமன் இடத்தில் நிற்கவைத்தோம். அகிலா எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

இங்கே டீம் நடக்கிறது. உன் இடத்தில் ரெனான் ஆடுகிறான். பிலிப்பினோப் பையன், வேகம் உண்டு, பொறுமை கிடையாது. நாலு மேட்சில் ஒன்று ஜெயித்தோம்.

உன் வலது கணுக்காலுக்குக் கட்டுப் போடாமல் இறங்காதே.

பாலகுரு


தோஹா
2.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்கு வரும்போது அகிலா முன்னால் வந்து நிற்பேன்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. எங்கள் செனகல்காரன் தோள்பட்டை விலகிப் படுத்துவிட்டான். சீசன் முடியும்வரை அவன் இறங்க முடியாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உன் பழைய கேப்டன், அந்தத் தாடிக்காரர் வருவாரா?" என்று கேட்டார். விசாவுக்கு இரண்டு வாரம் போதுமாம். முப்பத்தெட்டு வயதென்று சொன்னேன். "பரவாயில்லை, மூன்று மாதம் நின்றால் போதும்" என்றார். என் ரூமிலேயே ஒரு கட்டில் காலியாக இருக்கிறது.

மச்சான், கொஞ்சம் யோசியுங்கள். நீங்களும் நானும் ஒரே பக்கத்தில் நின்று ஃபைனல் ஆடலாம். கோப்பையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் பின்னால் நிற்கிறேன். அந்தக் கம்பெனிக்கு இதுவரை செய்தது போதாதா?

உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
அன்பரசன்


முசஃபா
20.12.2024

மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே குளிர் வந்துவிட்டது. காலையில் முழங்காலை மடக்க நேரமாகிறது. மற்றபடி குறையில்லை.

நான் வரவில்லை. கேட்டதற்கு நன்றி என்று உன் மேனேஜரிடம் சொல்.

போதாதா என்று கேட்டாய். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த முழங்கால் கிழிந்தபோது நீயும் பக்கத்தில் இருந்தாய். வேறு எந்த அர்பாபாக, முதலாளியாக இருந்தாலும் டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பியிருப்பான். நம்ம கம்பெனிப் பெரியவர் ஆபரேஷன் செய்யவைத்து, ஸ்டோரில் உட்காரவைத்து, "நீ திரும்பி ஆடும்வரை உன் இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்" என்றார். அதை நான் மறக்கவில்லை.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஸலாம் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்காரனிடம், "யே கோன் ஹை?", இது யார் என்று கேட்டார். பாஸ்கெட்பால் கேப்டன் என்று அவன் சொன்னான். "அச்சா, அச்சா" என்றார். பிறகு மறுபடியும் கேட்டார்.

இப்போது கம்பெனியில் எல்லாம் அவர் மகன்தான். அவருக்கு நம்ம ஆட்டத்தில் விருப்பம் இல்லை. "நல்லா ஆடுற ஒருத்தனும் போயிட்டான், மிச்சப் பேரை வச்சு என்ன பண்றது? எல்லாரும் யார்டுக்குப் போங்க, மெஷினைப் பாருங்க" என்றார். ரெனானுக்கும் மற்ற பையன்களுக்கும் மெஷின் வேலை தெரியாது. லீக் முடியும்வரை அவர்களை ஸ்டோரிலேயே விட்டுவிடுங்கள், அவர்கள் பங்கு வேலைக்கு நான் யார்டில் நிற்கிறேன் என்று கேட்டேன். சரி என்றார். நானும் தோஹாவுக்கு வந்துவிட்டால் அந்தப் பேச்சு அன்றைக்கே முறிந்துவிடும். இதுதான் காரணம்.

பயப்படாதே. தகடு வெட்டுகிற வேலைதான். லீக் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

பாலகுரு


தோஹா
22.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம்தானா? பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லி எழுதினேன், பதில் வரவில்லை. சுஐபு பாய் இரண்டு தடவை முசஃபா போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். கேட்டில் விசாரித்தால், "ஆள் டூட்டியில் இருக்கிறார்" என்கிறார்களாம். மனசு எதையோ நினைத்துக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் யார்டில் நிற்கிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து என்னால் சரியாக ஆட முடியவில்லை. நான் விட்டுப் போனதைச் சொல்லித்தானே பெரியவர் மகன் ஆரம்பித்தார்? ஒரு வரி எழுதுங்கள், போதும். நாங்கள் செமி ஃபைனல் போய்விட்டோம். நீங்களும் தட்டுத்தடுமாறி வந்துவிட்டீர்கள் என்று பார்த்தேன். பிப்ரவரியில் இங்கே தோஹாவில் நமக்குள்தான் மேட்ச். நேரில் பேசுவோம்.

அன்பரசன்


முசஃபா
30.1.2025

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். பொங்கல் கடிதமும் அடுத்ததும் கிடைத்தன. கையில் கொஞ்சம் வீக்கம். அதனால் நான் சொல்லச் சொல்ல, ரூமில் இருக்கும் பழனிச்சாமி எழுதுகிறான்.

வேலை அதிகம், அதனால்தான் பதில் தாமதம். செமி ஃபைனலுக்கு நான் வருவது சந்தேகம். நீ எதையும் யோசிக்காமல் ஆடு. ரெனான் இடது பக்கமாகத்தான் உள்ளே நுழைவான். அந்தப் பக்கத்தை அடைத்தால் போதும். என் டீமைப் பற்றி நானே உனக்குச் சொல்கிறேன் பார்.

ஃபைனல் முடியும்வரை கடிதம் எழுத வேண்டாம். ஆட்டத்தில் மனதை வை.

பாலகுரு


தோஹா
15.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். முடியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? கை வீக்கம் வடிந்ததா?

நேற்று உங்கள் டீமை நாற்பது பாயிண்டுக்கு மேல் அடித்தோம். நீங்கள் பெஞ்சில்கூட இல்லை. மேட்ச் முடிந்து கை கொடுக்கப் போனேன். ரெனானைத் தவிர மற்ற எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். "கேப்டன் எங்கே?" என்று அவனிடம் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்தவன் விடவில்லை. கண் கலங்கியிருந்தது. தோற்ற வருத்தம் என்று நினைத்தேன். "யூ வின் தி கப், அண்ணா. ஹீ வாண்ட்ஸ் யூ டு வின்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். அண்ணா என்று கூப்பிட அவனுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதானே?

என்ன மச்சான் நடக்கிறது அங்கே? என்னிடம் ஏன் மறைக்கிறீர்கள்?

அன்பரசன்


ஈசா டவுன், பஹ்ரைன்
25.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஜெயித்துவிட்டோம்.

நேற்று இந்த ஈசா டவுன் அரங்கத்தில் குவைத் டீமை மூன்று பாயிண்டில் ஜெயித்தோம். கடைசி நாலு நிமிஷம் நான் உள்ளே இருந்தேன். இரண்டு கூடை போட்டேன். பஹ்ரைன் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து சத்தம் போட்டார்கள். கோப்பை கைக்கு வந்தபோது நான் நினைத்த அளவுக்குக் கனமே இல்லை. தூக்கினேன், பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டேன். எல்லாரும் ஆடினார்கள். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். கூட்டத்தில் உங்கள் முகம் மாதிரி ஒன்று தெரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன், வேறு யாரோ.

என் மெடலை இந்தக் கடிதத்தோடு சுஐபு பாயிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான்.

இனிமேலாவது எழுதுவீர்களா?

உங்கள்,
அன்பரசன்


பெரியகுளம்
4.4.2025

தம்பி அன்பரசனுக்கு,

அக்கா தாமரை எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுஐபு அண்ணன் பெருநாள் லீவுக்கு வந்தார். முசஃபாவில் உன் மச்சானைத் தேடியிருக்கிறார். ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னதும் உன் கடிதத்தையும் மெடலையும் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். இனி மறைத்துப் பயனில்லை. நானே சொல்கிறேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் தகடு வெட்டும் மெஷினில் உன் மச்சானின் வலது கை மாட்டிவிட்டது. கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். மூன்று ஆபரேஷன் செய்தார்கள். ஃபைனலுக்கு ஒரு வாரம் முன்னால் அந்த மகன் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். ஏர்போர்ட்டில் அகிலா அப்பாவின் பையை வாங்கப் போனாள். கையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அன்றைக்கே உனக்குப் போன் போட்டிருப்பேன். போட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். அவர்தான் விடவில்லை. "ஃபைனல் முடியட்டும் தாமரை. இப்பச் சொன்னா விட்டுட்டு ஓடி வந்துருவான். என் கையும் போயி, அவனுக்குக் கப்பும் போனா யாருக்கு என்ன லாபம்?" என்றார். பழனிச்சாமியிடமும் அந்தப் பையன்களிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். சுஐபு அண்ணனை உள்ளேயே விடக்கூடாது என்று கேட்டில் சொல்லிவைத்திருக்கிறார்.

ஃபைனலை அகிலாவின் போனில் பார்த்தோம். நான் பார்க்க மாட்டேன் என்று அடுப்படிக்குப் போனேன். "வெளிய வா, வெளிய வாடா, சுத்தி வா" என்று அவர் கத்துவது கேட்டது. நீ கோப்பையைத் தூக்கியபோது கைதட்ட வேண்டும் போல இருந்திருக்கிறது. முடியவில்லை. இடது கையால் தொடையில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். நான் போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நீ சடங்குக்கு வராததை மறந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இதை என்னால் மறக்க முடியவில்லை தம்பி. உன்னைத் திட்டவும் முடியவில்லை. மெடலை அவர் அலமாரியில் வைக்கச் சொன்னார். நான் தொடவில்லை. அகிலா எடுத்து வைத்தாள்.

தாமரை


தோஹா
20.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். வலி குறைந்திருக்கிறதா? தூங்குகிறீர்களா?

அக்கா கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். போன் போட்டேன். அகிலா எடுத்தாள். "மாமா" என்றாள். உடனே வைத்துவிட்டேன்.

இங்கே என் ஆட்டம் முடிந்தது. புது சீசனுக்கு லெபனான்காரப் பையன் ஒருவன் வருகிறான். கோச் என் தோளில் தட்டி, "கலாஸ், மை ஃபிரெண்ட். யூ காட் யுவர் கப்" என்றார். வேண்டுமானால் குடோனில் லோடு ஏற்றும் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்களாம். வேண்டாம் என்றுவிட்டேன். ஜூன் முதல் வாரத்தில் டிக்கெட். ஊருக்கு வருவதா, மதுரையிலேயே எங்காவது இருந்துகொள்வதா என்று புரியவில்லை.

மச்சான், ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள். நான் அன்றைக்கு உங்களை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் உங்கள் கை இருந்திருக்குமா?

அன்பரசன்


பெரியகுளம்
29.5.2025

மாப்பிள்ளைக்கு,

பாலகுரு எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். சுஐபு பாய் வர நாளாகும், அகிலாவிடம் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன். வலி குறைந்துவிட்டது. இல்லாத விரல்கள்தான் அவ்வப்போது அரிக்கின்றன. தூக்கம் வருகிறது, போகிறது.

நீ கேட்டதற்குப் பதில். இருந்திருக்கும். நீ இருந்திருந்தால் நான் ஸ்டோரில் இருந்திருப்பேன். அந்த மெஷின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

டிசம்பரில் நீ கூப்பிட்டபோது நான் தோஹாவுக்கு வந்திருந்தாலும் இருந்திருக்கும். அதுவும் உண்மை. வர மாட்டேன் என்றது நான்தான். அந்தப் பையன்களுக்காக நின்றேன். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே மகன் அவர்களையும் மெஷினுக்கு அனுப்பிவிட்டார். ரெனான் வேறு கம்பெனி தேடுவதாகக் கேள்விப்பட்டேன். பெரியவர் போன மாதம் இறந்துவிட்டார். பழனிச்சாமி சொன்னான்.

ஆக நான் நின்றதில் யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. நீ போனதில் ஒரு மெடல் மிஞ்சியிருக்கிறது. சில நாள் உன்மேல் கோபம் வருகிறது, சில நாள் என்மேல். இன்றைக்கு யார்மேலும் இல்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நாளைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. இதற்கு மேல் நல்லபடியாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நீயும் எதிர்பார்க்காதே.

மதுரையில் எல்லாம் இருக்க வேண்டாம். வீட்டுக்கு வா. உன் அக்கா சோறு போடுவாள், பேச மாட்டாள். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. அகிலா பேசுவாள். நீ போனை வைத்துவிட்டாய் என்று அன்றைக்கு அழுதாள், அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

எந்த பஸ் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். பெட்டியைக் கனமாகக் கட்டாதே. பழைய ஞாபகத்தில் என் பக்கம் நீட்டிவிடாதே, என்னால் வாங்க முடியாது.

பாலகுரு